ஒடேசாவின் ஆறு பக்கங்கள்

'ஸ்டூடியா மாதமாட்டிகா' என்ற கணித இதழின் ஒன்பதாம் தொகுதி 1940ல் லுவோவ் நகரத்தில் அச்சானது. அதன் 133ஆம் பக்கத்தில் தொடங்கி 138ஆம் பக்கத்தில் முடிகிறது ஒரு கட்டுரை. எழுதியவர்கள் மார்க் கிரெய்ன், டேவிட் மில்மன். இருவருக்கும் ஊர் ஒடேசா, கருங்கடல் துறைமுகம்.

எம்.எஸ்ஸி. கணிதம் படித்த யாருக்கும் 'கிரெய்ன்-மில்மன் தேற்றம்' என்ற பெயராவது காதில் விழுந்திருக்கும். ஃபங்ஷனல் அனாலிசிஸ் தாளில் கடைசி யூனிட்டில் அதைச் செருகி வைத்திருப்பார்கள். அந்தத் தாளை நெடுங்காலம் நடத்தியவன் நான். செமஸ்டர் முடியப் போகிற நேரத்தில்தான் அந்த யூனிட்டுக்கு வந்து சேருவோம். "சார், இதை சாய்ஸ்ல விட்டுடலாமா?" என்று முன்வரிசையிலிருந்தே கேள்வி வரும். நானும் நிரூபணத்தை ஒதுக்கிவிட்டு, அதன் பின்னால் இருக்கிற ஊர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அப்போது யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன், வகுப்பில் தாவிப் போன கணக்கையும் கொஞ்சம் சேர்த்து.

ஒரு மரக்கழியில் ஆங்காங்கே எடைகளைத் தொங்கவிட்டால், எந்த இடத்தில் கயிறு கட்டித் தூக்கினால் கழி சாயாமல் நிற்கும்? அந்த இடம்தான் நிறைமையம். சைரக்யூஸில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே இதற்கென்று தனி நூல் எழுதி, முக்கோணத்துக்கும் பரவளையத் துண்டுக்கும் நிறைமையத்தைக் கணக்கிட்டுவிட்டார். எடை இருக்கிறது, மையம் எங்கே என்பது அவர் கேள்வி. இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்தக் கேள்வியைத் தலைகீழாகப் போட்டவர் மோபியஸ். லைப்சிக் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1827ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் மையம் முதலில் வருகிறது. முக்கோணத்துக்குள் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுங்கள், மூன்று மூலைகளிலும் என்னென்ன எடை வைத்தால் அந்தப் புள்ளியே நிறைமையம் ஆகும் என்று நான் சொல்கிறேன் என்கிறார். மொத்த எடை 1 என்று வைத்துக்கொண்டால் விடை ஒன்றே ஒன்றுதான்.

மொத்தம் 1 என்றதும் நிகழ்தகவு ஞாபகம் வரவேண்டும். ஓர் உருவத்தின் மேல் ஒரு கிலோ மணலைப் பரப்புவதும், ஒரு நிகழ்தகவு அளவையைப் பரப்புவதும் கணக்கில் ஒரே காரியம். அளவையின் நிறைமையம் என்பது அந்தப் பரவலின் சராசரிப் புள்ளி.

சதுரத்தில் மோபியஸின் விடை கெட்டுப்போகும். நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டில் பாதிப் பாதி வைத்தாலும் அதுவே மையம், மற்ற இரண்டு மூலைகளில் வைத்தாலும் அதுவே மையம். முக்கோணமும் அதன் உயர் பரிமாண உறவினர்களும் மட்டுமே ஒரே விடை தருகிறவை. அவற்றுக்கு சிம்ப்ளெக்ஸ் என்று பெயர்.

மூலையே இல்லாத வட்டத்தகட்டுக்கு என்ன செய்வது? ஹெர்மன் மின்கோவ்ஸ்கி மூலை என்ற எண்ணத்தைப் பொதுவாக்கினார். குவிந்த உருவத்துக்குள் அடங்கும் எந்தக் கோட்டுத்துண்டின் நடுவிலும் அகப்படாத புள்ளி முனைப்புள்ளி. வட்டத்தகட்டுக்கு விளிம்பு முழுதும் முனைப்புள்ளிதான். மூடிய, எல்லைக்குட்பட்ட குவிந்த உருவத்தில் எந்தப் புள்ளியையும் முனைகளில் எடை வைத்தே மையமாக்கலாம் என்று காட்டினார். 1909ல் நாற்பத்து நான்கு வயதில் அவர் இறந்துபோன பிறகுதான் அது அச்சில் வந்தது. எத்தனை முனைகள் போதும் என்பதற்குப் பதில் சொன்னவர் கரதியோடரி. தளத்தில் மூன்று, முப்பரிமாண வெளியில் நான்கு, பரிமாணத்தைவிட ஒன்று கூடுதல். இந்த மனிதர் அதற்கு முன் நைல் நதியில் அஸ்யூத் அணைக்கட்டில் பொறியாளராக இருந்தார். இருபத்தேழு வயதில் வேலையை விட்டுவிட்டு பெர்லினுக்குக் கணிதம் படிக்கப் போனார். பிற்பாடு ஸ்மிர்னாவில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப் போய், 1922ல் அந்த நகரம் எரிந்தபோது தப்பி ஓடிவந்தார். இந்தக் கதையில் வருகிற ஆட்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள்தான்.

இனி லுவோவ். இன்று உக்ரைனில் லிவீவ் என்கிறார்கள். அன்று போலந்து. பனாக், ஸ்டைன்ஹவுஸ் இருவரும் 1929ல் தொடங்கியதுதான் ஸ்டூடியா இதழ். அங்கே ஸ்காட்டிஷ் கஃபேயில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் போட்டதும், 1935லிருந்து ஒரு தடித்த நோட்டில் கேள்விகளை எழுதி வைத்ததும், ஒரு கேள்விக்கு மாசூர் உயிருள்ள வாத்தைப் பரிசாக அறிவித்ததும், 1972ல் ஸ்வீடன்காரர் என்ஃப்லோ அந்த வாத்தை நிஜமாகவே வாங்கிக்கொண்டதும் பலரும் எழுதித் தீர்த்த கதை. எனக்கு அந்த மேஜையைவிட இதழ்தான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்த பார்வை எளிமையானது, ஆனால் பெரியது. ஒரு சார்பு முழுவதையும் ஒரே புள்ளியாக நினை. ஒரு நிகழ்தகவு விதியையும் ஒரே புள்ளியாக நினை. அந்தப் புள்ளிகள் வாழும் வெளிக்குப் பரிமாணம் முடிவிலி. அங்கேயும் குவிந்த உருவங்கள் உண்டு. முனைகள் உண்டா?

எப்போதும் இல்லை என்பதுதான் சங்கடம். முடிவிலிப் பரிமாணத்தில் மூடிய, எல்லைக்குட்பட்ட பந்து ஒன்று முனையே இல்லாமல் இருக்க முடியும். காம்பாக்ட் என்ற நிபந்தனை கூடுதலாக வேண்டும். அதாவது, உருவத்துக்குள் எந்த முடிவிலித் தொடர் ஓடினாலும் எங்காவது குவிந்து நிற்க வேண்டும். (சரியான வரையறை இதைவிடக் கொஞ்சம் பொதுவானது, விட்டுவிடுவோம்.) அந்த நிபந்தனையின் கீழ் முனைகள் கட்டாயம் உண்டு, உருவத்தை நிரப்பவும் அவை போதும் என்று சொன்னதுதான் ஒடேசாவின் ஆறு பக்கங்கள்.

மார்க் கிரெய்ன் 1907ல் கீவ் நகரில் பிறந்தவர். பதினேழு வயதில் வீட்டை விட்டு ஒடேசாவுக்கு ஓடிவந்தார். சர்க்கஸில் சேருகிற யோசனையும் இருந்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். செபோத்தரேவ் என்ற கணித அறிஞர் கண்ணில் பட்டார். இளங்கலைப் பட்டம் எதுவும் இல்லாமலே ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றால் விண்ணப்பப் படிவமே தரமாட்டார்கள். 1930களில் ஒடேசாவில் கிரெய்னைச் சுற்றி மில்மன், ஷ்முல்யான், நைமார்க், லிவ்ஷிட்ஸ் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. பெரும்பாலும் வறுமையில் வளர்ந்த யூத இளைஞர்கள்.

ஒடேசாவில் எழுதியது லுவோவில் அச்சானதற்குப் பின்னால் ஒரு படையெடுப்பு இருக்கிறது. 1939 செப்டம்பரில் போலந்தை ஹிட்லர் மேற்கிலிருந்தும் ஸ்டாலின் கிழக்கிலிருந்தும் பங்குபோட்டபோது லுவோவ் சோவியத் உக்ரைனுக்குள் வந்துவிட்டது. இரண்டு ஊரும் திடீரென்று ஒரே குடியரசு. பனாக் அதே ஊரில் தொடர்ந்தார், இதழும் தொடர்ந்தது. ஒன்பதாம் தொகுதிக் கட்டுரைகளுக்கு உக்ரைனிய மொழியில் சுருக்கம் சேர்த்து அச்சிட்டார்கள். அடுத்த தொகுதி வருவதற்கு எட்டு வருஷம் ஆனது. ஜெர்மானியப் படை லுவோவுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே, 1941 ஜூலையில், பேராசிரியர்களைக் குன்றுப்பக்கம் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கணிதக்காரர்கள் வொம்னிட்ஸ்கியும் ஸ்தோஷெக்கும் அதில் அடக்கம். ஷௌதர் 1943ல் கொல்லப்பட்டார். பனாக், டைஃபஸ் தடுப்பூசி தயாரித்த வைகலின் நிறுவனத்தில் பேன்களுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்து உயிர் பிழைத்தார். போர் முடிந்த 1945லேயே புற்றுநோயில் இறந்தார். பத்தாம் தொகுதி 1948ல், வேறு ஊரில், விரோட்ஸ்வாஃபில் வெளிவந்தது.

ஒடேசாவின் கதையும் நல்லபடி முடியவில்லை. ஷ்முல்யான் 1944ல் போர்முனையில் செத்தார். கிரெய்ன் குய்பிஷெவ் நகரில் போர்க்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பினார். வந்த சுருக்கில் பல்கலைக்கழக வேலை பறிக்கப்பட்டது. யூத மாணவர்களை அளவுக்கு மீறி வளர்த்தார் என்ற முணுமுணுப்புதான் காரணம். அதற்குப் பிறகு கப்பல் பொறியியல் நிறுவனம், கட்டடப் பொறியியல் நிறுவனம் என்று பொறியியல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே வாழ்ந்தார். ஆராய்ச்சிக் கூட்டம் மட்டும் 'விஞ்ஞானிகள் இல்லம்' என்ற பழைய மாளிகையில் நடந்தது. 1982ல் இஸ்ரேலின் வுல்ஃப் பரிசை அவருக்கு அறிவித்தார்கள். அதே வருஷம் டெல் அவீவில் குடியேறியிருந்த மில்மன் காலமானார். மில்மனின் மகன்கள் விதாலி, பியேர் இருவருமே கணித அறிஞர்கள்.

அந்தத் தேற்றம் சொல்வதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த இருபது வருஷத்துக் கதை ஒரு சின்ன இடைவெளியில் இருக்கிறது. காம்பாக்ட் குவிகணத்தின் எந்தப் புள்ளியையும் முனைகளின் சராசரிகளைக் கொண்டு வேண்டிய அளவுக்கு நெருங்கலாம் என்கிறார்கள் கிரெய்னும் மில்மனும். நெருங்கலாம் என்றுதான் சொன்னார்கள், தொடலாம் என்று சொல்லவில்லை. நெருங்கி நெருங்கி எல்லைக்குப் போனால் என்ன கிடைக்கும்? ஒரு நிகழ்தகவு அளவை கிடைக்கும், அதன் நிறைமையம் நாம் கேட்ட புள்ளியாகவே இருக்கும். ஆனால் அந்த அளவையின் எடை முனைகளின் மேல் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. முனைகளை ஒட்டி, முனைகளின் எல்லைப் புள்ளிகளில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

எல்லைப் புள்ளியும் முனைதானே என்று தோன்றும். முப்பரிமாணத்திலேயே அது பொய்க்கும். தரையில் ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்தின் ஒரு புள்ளி வழியாக மேலும் கீழுமாக ஒரு செங்குத்துக் கம்பி நிறுத்துங்கள். வட்டத்தையும் கம்பியையும் சேர்த்து இறுக்கித் துணியால் போர்த்தினால் வருகிற குவிந்த உருவத்தில், வட்டத்தின் மற்ற எல்லாப் புள்ளியும் முனை. கம்பி தொடுகிற அந்த ஒரு புள்ளி மட்டும் கம்பியின் நடுவில் மாட்டிக்கொண்டதால் முனை அல்ல. பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் முனையாக இருந்தும் அதற்கு அந்தத் தகுதி இல்லை.

மாணவர்களிடம் இதைச் சொன்னால், ஒரு புள்ளிதானே போனால் போகட்டும் என்பார்கள். 1940களில் பெரியவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தார்கள். தேவைப்பட்ட இடங்களில் முனைகளின் தொகுதி மூடியதாகவே இருந்துவிட்டது. இத்தாலியில் புரூனோ தே ஃபினெத்தி கண்டது இதற்கு நல்ல உதாரணம். அவர் திரியெஸ்தேயில் ஜெனராலி காப்பீட்டு நிறுவனத்தில் 1931லிருந்து 1946 வரை கணக்குப் பார்த்த ஆள். 1928ல் பொலோஞ்ஞா மாநாட்டிலேயே அவர் தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டார். முடிவில்லாமல் நீளும் பூ-தலைத் தொடர் ஒன்றில் வரிசையை எப்படி மாற்றினாலும் வாய்ப்பு மாறாது என்றால், அது பல நாணயங்களின் கலவை. எந்த நாணயம் என்று தெரியாது, ஆனால் ஒரு நாணயத்தைப் பொறுக்கி அதையே சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். 1955ல் ஹூயிட்டும் சாவேஜும் அதையே குவிகணத்தின் பாஷையில் எழுதினார்கள். வரிசைக்குக் கட்டுப்படாத விதிகள் ஒரு காம்பாக்ட் குவிகணம், தனித்தனி நாணயங்கள் அதன் முனைகள், கலவை என்பது நிறைமையம். அந்த முனைகளின் தொகுதி மூடியது. அதனால் ஒடேசாவின் தேற்றமே அங்கே போதுமாக இருந்தது.

குஸ்தாவ் ஷோக்கே போதாது என்று நினைத்தவர். 1915ல் வட பிரான்ஸில் பிறந்து, தான்ஜுவாவிடம் ஆராய்ச்சி செய்தவர். 1946-47ல் போரில் சிதைந்த போலந்தில், கிராக்கூஃப் நகரத்து பிரெஞ்சு நிறுவனத்தில் பாடம் நடத்தினார். லுவோவ் மரபு எஞ்சியிருந்த நாடு அது. பிறகு கிரெனோபிள், பிறகு பாரிஸ். மின்னழுத்தக் கோட்பாட்டில் கொள்ளளவு பற்றிய ஒரு கேள்வியைத் தீர்க்கப் போய், 1950களின் நடுவில் 'கொள்ளளவுகளின் கோட்பாடு' என்ற பெரிய கட்டுரையையே எழுதினார். அதில் வருகிற சார்புகள் குவிகூம்புகளாகக் கூடுகின்றன. கூம்பின் ஓரக்கதிர்களைக் கொண்டு முழுக் கூம்பையும் எழுத முடியுமா என்பது அங்கிருந்து பிறந்த கேள்வி. 1956ல் பதில் கிடைத்தது. குவிகணத்தில் தூரம் அளக்கத் தெரிந்தால், அதாவது அது மெட்ரிக் கணமாக இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிகழ்தகவு அளவை உண்டு. அதன் எடை முழுவதும் முனைகளின் மேலேயே இருக்கும், ஒட்டின இடத்தில் துளிகூட இருக்காது. அந்த அளவை எல்லாப் புள்ளிக்கும் ஒன்றே ஒன்றாக அமைந்தால், அமைந்தால் மட்டுமே, அந்தக் கணம் சிம்ப்ளெக்ஸ். மோபியஸின் முக்கோணம் முடிவிலிப் பரிமாணத்துக்கு இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நிரூபணத்தின் உயிர்நாடி எளியது. மையத்தை அசைக்காமல் எடையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போ. நடுவில் இருக்கும் எந்த எடையையும் இரண்டாகப் பிளந்து எதிரெதிராக நகர்த்தலாம், முனையில் இருப்பதை மட்டும் பிளக்க முடியாது. இனித் தள்ள வழியில்லை என்று ஆகும்போது எடை முனைகளில் நின்றிருக்கும். தூரமே அளக்க முடியாத கணங்களுக்கு 1959ல் பிஷப்பும் தெ லேவும் இதை நீட்டினார்கள். இந்த எர்ரட் பிஷப்தான் சில வருஷங்களில் மனம் மாறி, கையால் கட்டிக் காட்ட முடியாத எதுவும் இருப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று 1967ல் ஒரு புத்தகமே எழுதினார். 'இனித் தள்ள வழியில்லை' என்ற நிலை இருப்பதாகச் சொல்லும் அவருடைய 1959 நிரூபணமே அந்தச் சோதனையில் தேறாது. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆனாலும் மெலிதான ஒரு சந்தேகம் பாக்கி. மேலா, ஒட்டியா என்பதற்கு இவ்வளவு பாடா? 1961ல் டேனிஷ் கணிதர் எபே தூ பௌல்சன் ஒரு சிம்ப்ளெக்ஸைக் கட்டிக் காட்டினார். அதில் முனைகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. எந்தப் புள்ளிக்கு எவ்வளவு அருகில் போனாலும் அங்கே ஒரு முனை. அந்த உருவத்தில் கிரெய்ன்-மில்மன் அளவை ஒன்றும் சொல்வதில்லை. முனைகளை ஒட்டிய இடம் என்பது உருவம் முழுவதுமே. கேட்ட புள்ளியிலேயே மொத்த எடையையும் வைத்து 'இதோ மையம்' என்று காட்டினாலும் தேற்றம் தலையாட்டிவிடும். ஷோக்கேயின் தேற்றமோ அங்கேயும் முனைகளின் மேல் ஒரே ஓர் அளவையைக் கொடுக்கிறது.

வேண்டுமென்றே கோணலாகக் கட்டியது என்று இதை ஒதுக்கிவிட முடியாதபடி செய்தது அதே 1961ல் கல்கத்தாவில் நடந்த வேலை. பரநகரில் மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் அன்று சி. ஆர். ராவிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் கே. ஆர். பார்த்தசாரதி. 1936ல் சென்னையில் பிறந்தவர், விவேகானந்தா கல்லூரியில் ஹானர்ஸ் படித்தவர். வரதராஜன், ரங்கா ராவ், வரதன், பார்த்தசாரதி என்ற நால்வர் கூட்டம் அங்கே இருந்த காலம். 1962ல் கொல்மகோரோவ் வந்து பார்த்துவிட்டுப் போன இடம். பார்த்தசாரதியின் கட்டுரை அமெரிக்காவில் இல்லினாய் இதழில் வந்தது. தே ஃபினெத்தியின் நிபந்தனையைத் தளர்த்துகிறது அது. பூ-தலைத் தொடரில் வரிசையை இஷ்டத்துக்குக் கலைக்க வேண்டாம். எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் வாய்ப்பு ஒன்றாக இருந்தால் போதும். இப்படிப்பட்ட விதிகளும் ஒரு காம்பாக்ட் குவிகணம், சிம்ப்ளெக்ஸும்கூட. கலவையாகப் பிரிக்க முடியாதவை அதன் முனைகள், எர்கோடிக் விதிகள் என்பார்கள். அந்த முனைகள் எங்கும் நிறைந்தவை என்று அவர் காட்டினார்.

ஏன் என்று வகுப்பில் கரும்பலகையில் போட்டால் ஐந்து நிமிஷம். நேர்மையான நாணயம் ஒன்று, தலை பக்கமே விழும் கள்ள நாணயம் ஒன்று. இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக் கடைசிவரை அதையே சுண்டுவது கலவை, முனை அல்ல. அதற்குப் பதிலாக நேர்மையான நாணயத்தின் லட்சம் முடிவுகளை எழுதி, அதன் பின்னாலேயே கள்ள நாணயத்தின் லட்சத்தையும் எழுதி, அந்த இரண்டு லட்சத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். சிறிய ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்குப் பாதி நேரம் நேர்மை, பாதி நேரம் கள்ளம். அசல் கலவையிலிருந்து வேறுபாடே தெரியாது. ஆனால் ஒரே சுழலில் ஓடுவதால் அதைப் பிரிக்க முடியாது, அது முனை. லட்சத்தைக் கோடி ஆக்கினால் இன்னும் நெருக்கம். வரிசை கலைந்தாலும் பரவாயில்லை என்ற தே ஃபினெத்தியின் உலகத்தில் முனைகள் அடக்கமாக ஒரு மூடிய தொகுதி. வரிசை முக்கியம் என்று ஆன மறுகணம் அவை உருவம் முழுக்கப் பரவிவிடுகின்றன. ஷோக்கே மேல் என்றும் ஒட்டி என்றும் வேறுபடுத்தியது சும்மா நுணுக்கம் அல்ல என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது. பௌல்சன் கட்டின வினோதத்தை நாணயம் சுண்டுகிற எல்லோரும் அன்றாடம் கையாண்டுகொண்டிருந்தார்கள்.

இரண்டும் ஒன்றுதானா என்பது பதினேழு வருஷம் கழித்துத் தெரிந்தது. முனைகள் எங்கும் நிறைந்த மெட்ரிக் சிம்ப்ளெக்ஸ் எதை எடுத்தாலும், புள்ளிகளைப் பெயர் மாற்றிப் பொருத்தினால் அது பௌல்சனுடையதாகவே ஆகிவிடும் என்று 1978ல் லிண்டன்ஸ்ட்ராஸ், ஓல்சன், ஸ்டெர்ன்ஃபெல்ட் மூவரும் நிறுவினார்கள். டென்மார்க்காரர் கட்டியதும் கல்கத்தாவில் பார்த்தசாரதி ஆராய்ந்ததும் ஒரே உருவம். அந்தக் கட்டுரை கிரெனோபிளின் 'அன்னால் த லான்ஸ்தித்யூ ஃபூரியே' இதழில் வந்தது. ஷோக்கேயின் கொள்ளளவுக் கட்டுரையும், பிஷப்-தெ லேவ் கட்டுரையும், பௌல்சனின் கட்டுரையும் வந்ததும் அதே இதழில்தான். இன்று அதன் பழைய தொகுதிகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாய்ஸில் விட்ட பிள்ளைகளும் வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம்.